ஆஸ்லோவுக்குக் கைதட்டியவர்கள்

பெருமைப்படுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அதிலும் கண்காணாத தேசத்தில் நம் இனத்தார் ஒருவர் பதவிக்கு வந்துவிட்டால் நமக்கு வருகிற பெருமை இருக்கிறதே, அது முற்றிலும் இலவசம். அவரைப் படிக்க வைத்தவர்கள் நாம் அல்ல; அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் நாம் அல்ல; அந்த ஊரின் குப்பையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் நமக்குக் கவலை கிடையாது. ஆயினும், "நம் தமிழ்ப் பெண்!" என்று மார்தட்டிக் கொள்வதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை.

கம்சாயினி குணரட்ணம் என்ற பெண்மணியின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான் வருகிறது. தென்காசியிலும் குற்றாலத்திலும் நான் போய் உட்காருகிற இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயர் பலமுறை அடிபட்டிருக்கிறது. சொல்கிறவர் சொல்லி முடித்ததும் சபை கைதட்டுகிறது. கைதட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எதற்காகத் தட்டுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தால், ஓங்கிய கை பாதியிலேயே நின்றுவிடும் என்பது என் கட்சி. அதைத்தான் இங்கே விவரமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தப் பெண்மணியின் கதை. 1988-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். மூன்றாவது வயதில், யுத்தம் நடந்து கொண்டிருந்த மண்ணை விட்டுப் பெற்றோருடன் நார்வே தேசம் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே போன நம் ஜனங்களில் பலர், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் வடகோடியில், மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்தவர்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் வளர்ந்த இந்தப் பெண், 2007-ல், பத்தொன்பதாவது வயதில், தலைநகரமான ஆஸ்லோவின் நகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2011-ஆம் வருஷம் ஜூலை 22-ந் தேதி அவருடைய கட்சியான தொழிற்கட்சியின் இளைஞர்கள் உட்டோயா என்ற சின்னத் தீவில் கோடை முகாம் நடத்திக் கொண்டிருந்தார்கள். குடியேறி வந்தவர்களுக்கு இந்தக் கட்சி இடம் கொடுக்கிறது என்ற வெறுப்பில் ஒருவன் துப்பாக்கியோடு அங்கே வந்தான். தீவில் மட்டும் 69 உயிர்கள் போயின. அதற்குச் சற்று முன்பு அவனே தலைநகரில் வைத்த குண்டில் 8 பேர் மாண்டார்கள். கம்சாயினி ஏரியில் குதித்து நீந்தித் தப்பினார். தப்பியவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்ளவில்லை. பொது வேலைக்கே திரும்பினார். 2015-ல் ஆஸ்லோவின் துணை மேயர் ஆனார். அப்போது அவருக்கு வயது 27. ஆறு வருஷம் அந்தப் பதவியில் இருந்து, 2021-ல் அந்த நாட்டுப் பார்லிமெண்டின் அங்கத்தினரானார்.

இது கைதட்ட வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் தட்டுகிறவர்கள் ஒரு பாதியைத்தான் பார்க்கிறார்கள். பெண்ணின் தைரியத்தைப் பார்க்கிறார்கள்; அந்தத் தைரியத்துக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த ஊரைப் பார்ப்பதில்லை. நார்வேயில் ஒரு சட்டம் இருக்கிறது. மூன்று வருஷம் தொடர்ந்து அங்கே வசித்த அந்நிய தேசத்தவர் யாராக இருந்தாலும் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் ஓட்டுப் போடலாம்; வேட்பாளராகவும் நிற்கலாம். பார்லிமெண்டுத் தேர்தலுக்குத்தான் பிரஜா உரிமை வேண்டும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தேசத்தின் ராணுவத்தையும் பொக்கிஷத்தையும் பற்றி முடிவு செய்யப் பிரஜைகள் போதும். தெருவில் விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறதா என்பதெல்லாம் அந்தத் தெருவில் வாழ்கிற எல்லாருக்கும் பொதுவான விவகாரம். பாஸ்போர்ட் எந்த நிறத்தில் இருந்தாலும் தாகம் ஒன்றுதானே! இந்த உரிமையோடு அங்கே தேர்தல் நடந்தது எந்த வருஷத்திலிருந்து தெரியுமா? 1983-ஆம் வருஷத்திலிருந்து.

1983 என்றதும் தமிழர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்த வருஷம் ஜூலையில்தான் கொழும்பு எரிந்தது. அதற்குப் பிறகுதான் ராமேஸ்வரம் கரையில் படகுகள் வரிசையாக வந்து சேர்ந்தன. சுமார் முப்பது வருஷ காலத்தில், அலை அலையாக, மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். 2021-ஆம் வருஷக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 59 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே சுமார் 34 ஆயிரம் பேரும் இருந்தார்கள். ஆக, ஒரே வருஷத்தில் இரண்டு தேசங்களில் இரண்டு கதைகள் தொடங்கின. அங்கே அந்நியருக்கு ஊராட்சிக் கதவு திறந்தது. இங்கே நம் உறவினருக்கு முகாம் கதவு திறந்தது. அங்கே மூன்று வருஷம் வசித்தால் ஓட்டு. இங்கே நாற்பது வருஷம் கடந்தும் ஓட்டு இல்லை.

தென்காசி வட்டாரத்து முகாம் ஒன்றில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். 1990-ல் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறி வந்தவர். முகாமில் யாருக்கு எது வேண்டுமானாலும் மனு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். குழாய் உடைந்தால் அவர்; தெருவிளக்கு அணைந்தால் அவர்; கல்லூரியில் சேரப் போகிற பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால் அவர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் எந்த மேஜைக்கு எந்த மனு போக வேண்டும் என்று, சில குமாஸ்தாக்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கௌன்சிலர் செய்ய வேண்டிய வேலை அத்தனையும் செய்கிறார். கௌன்சிலராக மட்டும் வர முடியாது. கௌன்சிலர் யாராக வர வேண்டும் என்று சொல்லக்கூட முடியாது.

அவரிடம் ஒரு தடவை தேர்தல் சமயத்தில் பேசிக் கொண்டிருந்தேன். சிரித்துக் கொண்டே சொன்னார்:

"ஓட்டுக் கேக்க வாறவை எங்கட வாசலைத் தாண்டித்தான் ஐயா அடுத்த தெருவுக்குப் போவினம். வெயிலுக்குள்ள நடந்து வாறவை எண்டு நாங்கள் தண்ணியும் குடுப்பம். நோட்டீஸ் மட்டும் எங்களுக்குத் தரமாட்டினம்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நோட்டீசைக்கூட மிச்சம் பிடிக்கிறோம்!

நம் சர்க்கார்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அரிசி கொடுக்கிறார்கள், மாதப் பணம் கொடுக்கிறார்கள், பத்தடிக்குப் பத்தடி அறைகளுக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்டிக் கொடுத்து வருகிறார்கள். 2021-ல், 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வாழ்வு என்பது சோறும் கூரையும் மாத்திரமா? தன் தெருவைப் பற்றித் தான் ஒரு வார்த்தை சொல்லி, அது எண்ணிக்கையில் சேருகிற உரிமையும் வாழ்வில் சேர்ந்ததில்லையா? கொடுக்கிறவன் கையை எதிர்பார்த்தே மூன்று தலைமுறை வாழ்ந்தால் அதற்கு மறுவாழ்வு என்று பெயர் வைக்கலாம்; பெயர் வைத்ததனால் மட்டும் அது வாழ்வாகிவிடாது.

தென்காசியில் எனக்கொரு வக்கீல் நண்பர் உண்டு. நல்ல மனிதர், சட்டம் படித்தவர், ஆஸ்லோவுக்குக் கைதட்டியவர்களில் முன்வரிசைக்காரர். இந்தப் பேச்சை எடுத்ததும், "அண்ணாச்சி, உணர்ச்சி வேற, சட்டம் வேற" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்லும் ஆட்சேபங்கள் மூன்று. அவை அவருடையவை மட்டும் அல்ல. நம்மில் பெரும்பாலோர் மனசில் இருப்பவைதான். ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது ஆட்சேபம், 1991. ஸ்ரீபெரும்புதூரில் நடந்த படுகொலைக்குப் பிறகு இவர்களை எப்படி நம்புவது என்பது. அந்தக் கொடுமையை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் ஒரு கூட்டத்தார் செய்த குற்றத்துக்குக் கோர்ட்டு இருக்கிறது, தண்டனை இருக்கிறது. இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு துணிமூட்டையுமாகக் கரையேறியவள் அதற்கு என்ன செய்வாள்? அவள் ஓடி வந்ததே துப்பாக்கிக்குப் பயந்துதான். உட்டோயாத் தீவில் சுட்டவன் குடியேறி வந்தவன் அல்ல. நார்வேயிலேயே பிறந்து வளர்ந்தவன். அதற்காக நார்வேக்காரர்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்தித் தணிக்கை செய்தார்களா? சொந்தக்காரன் செய்தால் அது ஒருவன் செய்த குற்றம். அண்டி வந்தவன் செய்தால் அது சமூகம் செய்த குற்றம். இந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு?

இரண்டாவது ஆட்சேபம், இவர்கள் தாற்காலிகமாக வந்தவர்கள், என்றைக்காவது திரும்பிப் போகிறவர்கள் என்பது. குற்றாலத்தில் சீசன் வீடு எடுப்பவர்கள் தாற்காலிகமாக வந்தவர்கள். சாரல் நின்றால் மூட்டை கட்டிக் கொண்டு போய்விடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் ஒரே ஊரில் இருந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே பேரன் எடுத்து, அந்த ஊர்ச் சுடுகாட்டிலேயே தாயையும் தகப்பனையும் எரித்தவர்களைத் தாற்காலிகம் என்று சொல்ல எந்த அகராதி இடம் கொடுக்கிறது? அவர்கள் திரும்பிப் போக விரும்பினால் போகட்டும். அது அவர்கள் இஷ்டம். ஆனால் என்றோ ஒரு நாள் போகக்கூடும் என்பதற்காக, இருக்கிற நாள் முழுவதும் வாயைக் கட்டிக் கொண்டிரு என்று சொல்வது தர்மம் ஆகாது.

மூன்றாவதுதான் சட்டம். இங்கேதான் வக்கீல் நண்பரின் குரல் உயரும். சரி, சட்டத்தையே பார்ப்போம். 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜைகள். ஆகவே 1983-க்குப் பிறகு, அந்தத் தேதிக்குள், முகாமில் பிறந்த குழந்தைகள் எல்லாரும் சட்டப்படி நம்மைப் போன்ற பிரஜைகளே. இதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? அப்படி முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை வரை போக வேண்டியிருந்தது. 2022-ல் அவருக்குச் சாதகமாக உத்தரவு ஆயிற்று; 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். பிறந்தபோதே கிடைத்திருந்த உரிமையைக் கையில் வாங்க முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று சட்டத்தை இறுக்கினார்கள். 2004 டிசம்பரிலிருந்து, பெற்றோரில் ஒருவர் சட்ட விரோதமாகக் குடியேறியவர் என்றாலே குழந்தைக்கு உரிமை இல்லை என்று இன்னும் இறுக்கினார்கள். உயிருக்குப் பயந்து படகில் ஏறுகிறவன் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொண்டா ஏறுவான்? 2019-ல் மறுபடி திருத்தி, பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களில் ஆறு மதத்தாருக்குக் கதவைத் திறந்தார்கள். இலங்கையின் பெயர் அதில் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்து கொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அதாவது, இனி ஜெயிலில் போட மாட்டோம் என்று சொன்னார்கள். பிரஜை என்று சொல்லவில்லை. இத்தனை தடவை மாற்றிய சட்டத்தை இன்னும் ஒரு தடவை மாற்ற முடியாதா? சட்டம் குற்றால மலையா, அசையாமல் நிற்பதற்கு?

முகாமில் உள்ளவர்களில் இன்னொரு பகுதியார் இருக்கிறார்கள். மலையகத் தமிழர்கள். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற ஜில்லாக்களிலிருந்தும் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்கட்டிப் போனவர்களின் சந்ததியார். 1948-ல் இலங்கை சர்க்கார் ஒரு சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மனிதரைக் கணக்கில் பிரித்தபோது வரவும் செலவும் ஒத்துவராமல் நின்றவர்கள், கலவரத்துக்குத் தப்பி, தாத்தா கப்பலேறிய கரைக்கே அகதியாக வந்து சேர்ந்தார்கள். இவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019-ல் அதே மதுரைக் கிளை சொன்னது. தாத்தாவின் ஊரில் பேத்தி அந்நியப் பெண்! இதைவிடப் பெரிய வேடிக்கையை எந்த நாவலாசிரியன் கற்பனை செய்ய முடியும்?

"அந்நிய தேசத்துப் பெண் நம் பொது வாழ்வில் தலையிடுவதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய சரித்திரத்தை ஞாபகப்படுத்துகிறேன். மார்கரெட் கஸின்ஸ் என்ற ஐரிஷ் அம்மையார் 1915-ல் இந்தியாவுக்கு வந்தார். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றவர் அவர். அந்த வருஷம் டிசம்பரில், இந்தியா மந்திரியாக இருந்த மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி தேவியின் தலைமையில் பெண்கள் தூது சென்று ஓட்டுரிமை கேட்டார்கள். அந்தத் தூதுக்கு ஏற்பாடு செய்தவரும் கஸின்ஸ் அம்மையாரே. 1921-ல் சென்னை மாகாணப் பெண்களுக்கு ஓட்டுக் கிடைத்தது. பிறகு சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக அவரை உட்கார வைத்தார்கள். இந்தியாவிலேயே அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி. 1932-ல் சர்க்காரின் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசி, வேலூர்ச் சிறைக்கும் போனார். கடைசி வரை இங்கேயே இருந்து 1954-ல் அடையாறில் காலமானார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரஜை என்பதால் அவருக்கு வழி சுலபமாயிற்று என்பது வாஸ்தவம். நான் சொல்ல வருவது வேறு. நம் பாட்டிமார்களுக்கு ஓட்டு வாங்கிக் கொடுக்க வந்தபோது, அயல் தேசத்துப் பெண் நமக்கு உதவியாகத் தெரிந்தாள். அவளுக்கு ஓட்டுக் கேட்கிற நிலை வந்தபோது ஆபத்தாகத் தெரிகிறாளே!

தென்காசிப் பக்கத்துக்காரர்கள் இதைப் பேச நான் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. புறப்பட்டுப் போய் அயலூரில் பிழைப்பது எங்கள் ஜில்லாவுக்குப் புதிதல்ல. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போன முஸ்லிம் குடும்பங்கள் அங்கே சங்கம் அமைத்து, தமிழ் வளர்த்து, அந்த நாட்டுப் பிரஜைகளாகப் பரம்பரையாக வாழ்கிறார்கள். செங்கோட்டை ஜனங்கள் 1956 அக்டோபர் 31-ந் தேதி இரவு திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் படுத்து, மறுநாள் காலையில் சென்னை ராஜ்யத்தில் எழுந்தார்கள். தேசம் ஒன்றுதான், மாறியது ராஜ்யம் மட்டும்தான் என்றாலும், எல்லைக்கோடு என்பது மனிதன் போடுவது, மாற்றுவதும் அவனே என்பதை எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர், ஊர் ஊராகத் திரிகிற ஒரு குறத்தியைத் தெருவில் நிறுத்திப் பேச வைத்தார். வசந்தவல்லியும் கையை நீட்டிக் கொண்டு கேட்டாள். நாடோடிப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு இலக்கியத்தில் மரியாதை செய்த ஊர், பஞ்சாயத்துத் திண்ணையில் அவளுக்குப் பாய் விரிக்க மறுக்கலாமா?

2021-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். கம்சாயினி ஆஸ்லோவில் பார்லிமெண்டுக்குள் நுழைந்த அதே மாதத்தில்தான், புதிதாக ஏற்பட்ட தென்காசி ஜில்லாவில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் செய்திருக்கிறோம். எத்தனை ஊரில் தலைவியின் நாற்காலியில் 'தலைவரின் கணவர்' உட்கார்ந்து கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுகிறார் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. கையெழுத்து மட்டும் போடுகிற பெண்ணுக்கு நாற்காலி இருக்கிறது. மனு எழுதி, அலைந்து, காரியத்தை முடிக்கிற பெண்ணுக்கு வாசலிலும் இடம் இல்லை. கம்சாயினியின் பெற்றோர் ஆஸ்லோவுக்குப் போகாமல், 1991-ல் ராமேஸ்வரத்துக்குப் படகேறியிருந்தால், அந்த மூன்று வயதுக் குழந்தை இன்று நம்மிடையே என்னவாக இருந்திருக்கும்? திங்கட்கிழமை வரிசையில் மனுவோடு நின்றுகொண்டிருக்கும். நாமும் அதைப் பார்க்காமலே குற்றாலத்துக்குப் போய், ஆஸ்லோ என்ற ஊரைப் பற்றிப் பேசாமல், வேறு எதற்காவது கைதட்டிக் கொண்டிருப்போம்.

ஆகவே நான் கேட்பது பெரிதல்ல. 1987 ஜூலைக்கு முன் முகாமில் பிறந்தவர்களை அதிகாரிகளே தேடிப் போய், பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, வாக்காளர் பட்டியலில் சேர்க்கட்டும். கோர்ட்டுப் படி ஏற வைக்க வேண்டாம். மலையகத்தாருக்கு, அவர்கள் பாட்டன் ஊரின் பெயரால், பிரஜா உரிமை கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு, இத்தனை வருஷம் வசித்தவர்களுக்கு ஊராட்சி ஓட்டு என்று நார்வேயைப் போல ஒரு சட்டம் செய்யட்டும். இதற்கெல்லாம் டில்லி மனசு வைக்க வேண்டும் என்பது தெரியும். டில்லி மனசு வைக்கிற வரையில், தென்காசி மனசு வைக்கக் கூடியது ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. முகாம் இருக்கிற ஊராட்சிகளில் முகாம் பெண்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். கை தூக்கும் உரிமை இப்போதைக்கு இல்லாமல் போகட்டும். வாய் திறக்கும் உரிமையாவது இருக்கட்டும். அதைத் தடுக்கிற சட்டம் எதையும் என் வக்கீல் நண்பராலும் காட்ட முடியவில்லை. கேட்டதற்கு, "அது சரி அண்ணாச்சி, ஊர்க்காரங்க ஒத்துக்கணுமே!" என்றார்.

ஊர்க்காரர்கள் என்றால் யார்? நானும் அவரும்தான்; இதைப் படிக்கிற நீங்களும்தான். நாம் ஒத்துக்கொள்ளாததற்குச் சட்டத்தின் மேல் பழி போட வேண்டாம். அடுத்த கிராம சபையில் நான் போய் இதைக் கேட்பதாக இருக்கிறேன். ஆஸ்லோவுக்குக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் என்னோடு வருகிறார்கள் என்று பார்க்கலாம்.